டம்ளரைப் பிரித்தோம், ஜன்னலைச் சாத்தினோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லூரில் தறி ஓடும் தெரு ஒன்றில் குடியிருக்கிறோம். ஒரு அறை, ஒரு அடுப்படி, ஏழு பேர். போன வைகாசியில் என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. தறிக்காரருக்கு இருமல் என்றால் நூல் தூசி என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். கிளினிக்கிலும் டானிக்தான் கொடுத்தார்கள். மூன்று மாதம் அப்படியே போய்விட்டது. ஆவணியில் சளியில் ரத்தம் பார்த்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். டி.பி. என்றார்கள்.

அன்று இரவே அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தேன். இருமல் சத்தம் அக்கம்பக்கத்தில் கேட்கக் கூடாதென்று ஜன்னலையும் சாத்தினேன். இரண்டு நாள் கழித்து வந்த சுகாதாரப் பணியாளர் முதல் வேலையாக அந்த ஜன்னலுக்குத்தான் போனார். கொக்கி துருப்பிடித்திருந்தது, அம்மிக் குழவியால் தட்டித் திறந்தார். "தட்டு டம்ளர்ல ஒட்டாதும்மா, காத்துலதான் பரவும்" என்றார். தனியாக வைத்த டம்ளரைக் கழுவி அடுப்படியிலேயே கவிழ்த்தேன்.

வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். அத்தைக்கும் இருந்தது. கல்லூரி போகும் மகளுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. நெறி கட்டியிருக்கிறது என்று மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அதுவும் டி.பி.தான். நாலு வயதுப் பேரனுக்கு நோய் இல்லை, ஆறு மாதத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள்.

மருந்து தொடங்கிய முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் அத்தை ரத்தம் என்று பயந்து, அடுத்த நாள் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டார். அது மருந்தின் நிறம் என்று டாக்டர் எடுத்துச் சொன்ன பிறகே விழுங்கினார். சத்துணவுக்கென்று ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. முட்டையும் கடலையும் வாங்குகிறேன்.

இவர்களை எங்காவது சேர்த்துவிடலாமா என்று அந்த டாக்டரிடமே கேட்டேன். சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வைப் பற்றிச் சொன்னார். வீட்டில் வைத்து மருந்து கொடுத்தவர்களையும் சானடோரியம் என்ற டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே தொற்றிவிடுகிறதாம். அதைக் கேட்டதும் அந்த மூன்று மாத டானிக் பாட்டில்கள்தான் கண்முன் வந்து நின்றன. முதல் மாதமே சளியைச் சோதித்திருந்தால் என் மகள் தப்பித்திருப்பாளே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

மாசியில் என் வீட்டுக்காரருக்கு ஆறு மாத மருந்து முடிகிறது. மறுபடி தறிக்குப் போகிறார். ஆனால் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் ராத்திரி இருமல் கேட்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும், அரசு மருத்துவமனையில் காசு கிடையாது என்று போய்ச் சொன்னேன். "தூசிதான் அக்கா, ஒரு நாள் கூலி போயிடும்" என்கிறார்கள். எக்ஸ்ரே வண்டியைத் தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் தெருப்பக்கம் அனுப்பும்படி சுகாதாரத் துறையை உங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.