காரோடு ஒரு நோட்டும் வந்தது

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

தொண்டாமுத்தூர் பக்கம் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் சின்னக் குழுவுக்கு, போன ஆடி மாதம் ஓர் எலக்ட்ரிக் கார் நன்கொடையாக வந்தது. அன்றைக்கே ஒரு போட்டோ போட்டு நன்றி சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் ஓடட்டும், பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டது நான்தான். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதை, வேறென்ன?

முதல் நன்றி காரைக் கொடுத்த ஐயாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மகளோடு இருக்க ஹைதராபாத் போகிறார். 2020இல் வாங்கிய டாடா நெக்ஸான் இ.வி., 30.2 கிலோவாட் மணி பேட்டரி. சோதனைக் கணக்குப்படி ஒரு சார்ஜுக்கு 312 கிலோமீட்டர். நம் ரோட்டில், ஏசியோடு, புதிதில் 200 வந்தது என்றார். இப்போது 160 வருகிறது. வெளியூர்ப் பயணம் போகிறவருக்கு அது பத்தாது. பேரூர், ஆலாந்துறை, நரசீபுரம் என்று சுற்றி ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டருக்குள் திரும்பிவிடுகிற எங்களுக்குத் தாராளம்.

காரோடு ஒரு நீள நோட்டும் கொடுத்தார். ஐந்து வருடமாக ஒவ்வொரு சார்ஜுக்கும் தேதி, எத்தனை சதவீதத்தில் போட்டார், எத்தனையில் எடுத்தார், மீட்டர் என்ன காட்டியது என்று எல்லாம் நீல மையில் இருக்கிறது. அன்றாடம் எண்பதோடு நிறுத்தியிருக்கிறார். மாதம் ஒருமுறை மட்டும் மெதுவான சார்ஜில் நூறு வரை. வெயிலில் முழு சார்ஜோடு நிறுத்தக் கூடாது என்று அடிக்கோடு வேறு. பழைய எலக்ட்ரிக் கார் வாங்குகிறவர்கள் பேட்டரி எப்படி இருக்குமோ என்றுதான் பயப்படுவார்கள். எங்களுக்கு அந்தப் பயம் நோட்டைப் புரட்டியதும் பாதி போய்விட்டது.

அடுத்து எங்கள் ஆடிட்டர். பொருளாகக் கொடுத்தால் 80ஜி பிரிவில் வரிச்சலுகை கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான் என்று ஐயாவிடம் முதலிலேயே உடைத்துச் சொன்னவர் அவர். காரை விற்றுப் பணத்தைக் கொடுத்தால் உங்களுக்கு லாபம் என்றும் சொன்னார். "இவங்களுக்கு வேண்டியது வண்டி. அதை வித்துட்டு, அந்தக் காசுல இவங்க இன்னொரு வண்டி தேடணுமா?" என்று ஐயா கேட்டார். ஆடிட்டர் சிரித்துக்கொண்டே அறக்கட்டளைப் பத்திர நகலையும் தீர்மான நகலையும் எடுத்து வைத்தார். கட்டணம் வாங்கவில்லை.

பெயர் மாற்றத்துக்கு அலைந்த தம்பிக்கு ஒரு தனி நன்றி. படிவம் 29, படிவம் 30, பழைய கடன் முடிந்ததற்கு வங்கி கொடுத்த கடிதத்தோடு படிவம் 35 என்று மூன்று முறை போனான். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முறை பார்த்தால் ஐயா பெயரில் ஒரு சிக்னல் அபராதம் நிலுவையில் இருந்தது! அவருக்கு வந்த வெட்கத்தைப் பார்க்க வேண்டுமே. இன்ஷூரன்ஸில் நாங்களும் ஒன்று கற்றுக்கொண்டோம். இத்தனை வருடம் இழப்பீடு எதுவும் கேட்காமல் இருந்ததற்கான சலுகை, பாலிசி எடுத்தவரோடுதான் போகும், காரோடு வராது. அந்த வித்தியாசத் தொகையை நாங்கள் கேட்காமலே கட்டிய மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

வண்டி வாசலுக்கு வந்த பிறகும் சார்ஜ் ஏறவில்லை. பழைய கட்டடத்தில் எர்த் பெயருக்குத்தான் இருந்தது. எர்த் சரியில்லை என்று தெரிந்தால் சார்ஜர் வேலையே செய்யாதாம். ஊர் எலக்ட்ரீஷியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று குழி தோண்டி எர்த் போட்டு, தடிமனான ஒயர் இழுத்து, கரண்ட் அதிகமானால் தானாக அணைந்துவிடும் தனி எம்.சி.பி. சுவிட்சோடு 15 ஆம்பியர் பிளக் வைத்துக் கொடுத்தார். சாமான் காசு மட்டும் வாங்கினார், அதுவும் நாங்கள் வற்புறுத்தியதால்.

புரட்டாசியில் ஒரு காலை, கார் செத்துக் கிடந்தது. கதவுகூடப் பட்டனில் திறக்கவில்லை. பேட்டரி போச்சு, லட்சக்கணக்கில் ஆகும் என்று தெருவே கூடிவிட்டது. டிராக்டர் பட்டறை அண்ணன் வந்து பானட்டைத் திறந்து, அங்கே இருந்த சாதாரண 12 வோல்ட் பேட்டரியைக் காட்டினார். பெரிய பேட்டரியை இணைத்துவிடுகிற சுவிட்சே இதன் கரண்டில்தான் இயங்குகிறது. நாங்கள் ராத்திரி முழுக்க பார்க்கிங் விளக்கை எரியவிட்டிருந்தோம். அண்ணன் வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்ததும் உயிர் வந்துவிட்டது. அப்புறம் நோட்டை எடுத்துப் பார்த்தால், கடைசிப் பக்கத்தில் ஐயா இதையேதான் எழுதியிருக்கிறார். நாங்கள் அதுவரை படிக்கவில்லை.

முன்பு வாடகை வேனில் ஒரு நாள் சுற்றுக்கு டீசல் மட்டும் 450, 500 ரூபாய் ஆகும். இப்போது பத்து யூனிட் கரண்ட். மிச்சமாகும் காசில், படுத்தே இருப்பவர்களுக்குப் புண் வராமல் காக்கும் ஏர் பெட் வாங்கி, இரவலாகக் கொடுக்கிறோம். ஆக்சிஜன் மெஷினும் மடக்கு வாக்கரும் டிக்கியில் நிம்மதியாக உட்காருகின்றன. காசை விட எனக்குப் பெரிதாகப் படுவது சத்தமில்லாமல் போய் நிற்பதுதான். வலியோடு ராத்திரி முழுக்க விழித்திருந்து விடியலில் கண்ணயர்ந்தவரை எழுப்பிவிடாமல் வாசலில் நிற்க முடிகிறது. நரசீபுரத்தில் ஒரு பாட்டி, "ஏங் கண்ணு, வண்டி வந்ததே தெரியலையே, நடந்தா வந்தீங்க?" என்று எங்கள் நர்ஸைக் கேட்டார்.

ஐயா, உங்கள் நோட்டை டிரைவர் அண்ணன் தொடர்ந்து எழுதுகிறார். கையெழுத்து உங்களுடையது போல வராது. கார்த்திகை மழையில் நான்கு நாள் விட்டுப்போயிருக்கிறது. அடுத்த முறை கோவை வரும்போது பார்ப்பீர்கள், திட்டாதீர்கள்.