மறுவீட்டுக்குப் போன பூதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் உலகத் திரைப்பட விழாக்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ரசித்து, இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. பிரான்சின் கேன்ஸ் விழா தன் தரத்திலிருந்து இறங்கியதற்கு அத்தாட்சியாக, ஷ்ரெக் என்ற பச்சைப் பூதத்தின் கதையான 'ஷ்ரெக் 2' 2004 மே மாதம் அங்கே திரையிடப்பட்டதைக் கட்டுரையாளர் காட்டியிருக்கிறார். பொம்மைப் படம், அதுவும் இரண்டாம் பாகம், அதுவும் சிரிப்புப் படம் என்று மூன்று குற்றங்களை அடுக்குகிறார். சிவப்புக் கம்பளத்தில் ஹாலிவுட் முகங்களை நடக்கவைப்பதற்காக வைத்த சிறப்புக் காட்சி அது என்று ஒரே வரியில் கதையை முடித்தும் விடுகிறார்.

முதலில் தகவலைச் சரிசெய்துவிடுவோம். அது சிறப்புக் காட்சி இல்லை. 'ஷ்ரெக் 2' போட்டிப் பிரிவிலேயே இருந்தது. விழாவின் முதல் விருதான தங்கப் பனைக்கு மற்ற படங்களோடு சேர்ந்து மோதியது. 2001இல் முதல் பாகமும் அப்படித்தான் போட்டியில் இருந்தது. 2004 போட்டியில் அது ஒன்றுதான் அனிமேஷன் படம் என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானிய இயக்குநர் மமோரு ஒஷீயின் 'இன்னொசென்ஸ்' அதே வரிசையில் இருந்தது. அதுவும் ஒரு இரண்டாம் பாகம்தான்! அதைப் பற்றி மட்டும் யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. தத்துவம் பேசும் இரண்டாம் பாகம் என்றால் பரவாயில்லை போலிருக்கிறது.

அந்த ஆண்டு நடுவர் குழுவின் தலைவர் ஹாலிவுட் இயக்குநர் க்வென்டின் டாரன்டினோ. தங்கப் பனை மைக்கேல் மூரின் 'ஃபாரன்ஹீட் 9/11'க்குப் போனது. அடுத்த பெரிய விருது கொரியாவின் 'ஓல்ட்பாய்'க்கு. பூதத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்று நானும் சொல்ல வரவில்லை. கேன்ஸில் காட்டி நான்கு நாட்களில், மே 19 அன்று, படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ஆகவே விழா அதற்கு நல்ல விளம்பரம் என்பதும் உண்மை. உலகம் முழுக்க 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, அந்த ஆண்டின் முதலிடத்தையும் பிடித்தது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு பார்த்த படம் என்பதாலேயே அதில் விஷயம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

அந்தப் படத்தை நான் வாடகை டிவிடியில்தான் பார்த்தேன். பக்கத்தில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. பச்சை நிறப் பூதத்துக்கும் இளவரசி ஃபியோனாவுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, இப்போது பெண்ணின் அப்பா அம்மா விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். "அப்ப மறுவீடுன்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் எதையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரண்மனைச் சாப்பாட்டு மேசையில் கை கழுவ வைத்த தண்ணீரை மாப்பிள்ளை சூப் என்று நினைத்துக் குடிக்கிறான். மாமனாரும் மாப்பிள்ளையும் வார்த்தைக்கு வார்த்தை முட்டிக்கொண்டு, மேசையில் இருக்கும் உணவைப் பிய்த்து எறிகிறார்கள். கடைசியில் ஒருவர் பெயரை ஒருவர் கத்த, தன்னை யாரும் கூப்பிடவில்லையே என்று, மாப்பிள்ளையோடு வந்த பேசும் கழுதை தன் பெயரைத் தானே கத்திக்கொள்கிறது. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சட்டென்று, "வந்த மாப்பிள்ளையை இப்படியா நடத்துவாங்க" என்று ராஜாமேல் கோபப்பட்டார்.

நம் வீடுகளில் பாட்டிமார் 'கதை முடிஞ்சது, கத்தரிக்கா காய்ச்சது' என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஐரோப்பியக் கதைகளில் கல்யாணத்தோடு எல்லோரும் சுகமாக வாழ்ந்துவிடுவார்கள். இந்தப் படம் கத்தரிக்காய் காய்த்த பிறகுதான் தொடங்குகிறது. இரண்டாம் பாகம் எடுக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? வசூலுக்காகக் கதையை இழுப்பதற்கும், கதை எதைச் சொல்லாமல் விட்டதோ அதைத் தேடிப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அந்த ராஜாவின் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன், இருபது ஆண்டு ஆன படம்தானே. பூதம் மாப்பிள்ளையாக வருவதை அதிகம் எதிர்ப்பவர் அவர். கடைசியில் பார்த்தால் அவரே ஒரு தவளை! தேவதையின் தயவில் மனித உருவம் வாங்கி ராணியைக் கட்டியவர். குலம் கோத்திரம் என்று ஊரே கேட்கக் கத்துகிறவரின் பழைய கதையைக் கிளறினால் என்ன வரும் என்பது நமக்குத் தெரியாததா? இதைச் சிரிப்புப் படம் என்று ஒதுக்குகிற கட்டுரையாளருக்குச் சொந்தக்காரர்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

அப்புறம், பூனை. என்னைக் கேட்டால் கேன்ஸில் அந்தப் படத்தைத் திரையிட்டதற்கு அந்தப் பூனை ஒன்றே போதும். பூட்ஸ் போட்ட பூனையின் கதையை 1697இல் பிரான்சில் புத்தகமாக்கியவர் ஷார்ல் பெரோ. பதினான்காம் லூயி மன்னரின் அரசில் வேலை பார்த்தவர். பூனைக் கதை இத்தாலியில் அதற்கு முன்பே உண்டு. அதன் காலில் பூட்ஸை மாட்டியவர் பெரோதான். மாவு ஆலைக்காரரின் கடைசி மகனுக்குச் சொத்தாகக் கிடைப்பது ஒரு பூனை மட்டும். அது பேசிப் பேசியே அவனை ராஜாவின் மாப்பிள்ளையாக்குகிறது. அதற்காக ஒரு பூதத்தின் கோட்டைக்குப் போய், "உன்னால் எலியாக மாற முடியுமா" என்று உசுப்பேற்றி, மாறியதும் பிடித்துத் தின்றுவிடுகிறது. அதாவது, அந்தப் பூனையின் பரம்பரைத் தொழிலே பூதத்தைக் கொல்வதுதான். 'ஷ்ரெக் 2'இல் ராஜா தன் மாப்பிள்ளையைத் தீர்த்துக்கட்ட யாரைக் கூலிக்கு அமர்த்துகிறார்? அதே பூனையை. வந்த இடத்தில் தொண்டையில் முடி உருண்டை சிக்கி இருமித் தவித்துவிட்டு, யாரைக் கொல்ல வந்ததோ அவனிடமே சேவகனாகச் சேர்ந்துவிடுகிறது. முந்நூறு ஆண்டுப் பழைய கதையைத் தெரிந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அரங்கில் உட்கார்ந்திருந்தால், இந்தச் சிரிப்பு அவருக்கு இரட்டிப்பாகக் கிடைத்திருக்கும்.

படத்தின் வில்லியும் அதே புத்தகத்துக்காரிதான். சிண்டரெல்லாவுக்குப் பூசணிக்காயை வண்டியாக்கிக் கொடுத்த தேவதையை இங்கே மருந்துத் தொழிற்சாலை முதலாளியாக்கிவிட்டார்கள். அவள் ராஜாவையே மிரட்டுகிறாள், தன் மகனுக்குப் பெண் கேட்கிறாள். இரண்டாம் பாகத்தில் புதிதாக வந்து மனதில் நின்ற இரண்டு பேருமே பெரோவின் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் படம் பிரான்சுக்குப் போனதும் ஒருவகையில் மறுவீடுதான்.

இந்தப் பூதத்தை முதலில் வரைந்தவர் வில்லியம் ஸ்டைக். நியூயார்க்கர் பத்திரிகையின் கேலிச்சித்திரக்காரர். 1990இல், எண்பது வயது தாண்டிய பிறகு அந்தப் படக்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 2003 அக்டோபரில், 95 வயதில், இரண்டாம் பாகம் வெளியாவதற்குச் சில மாதங்களுக்கு முன் இறந்துபோனார்.

கட்டுரையாளரோடு எனக்கு உண்மையான சண்டை இனிமேல்தான். கேன்ஸ் இறங்கிப்போனது என்கிறார் அவர். கேன்ஸ் அதற்குப் பிறகு பயந்துபோனது என்கிறேன் நான். 2007இல் ஈரானியப் பெண்ணொருவரின் வாழ்க்கையைச் சொன்ன அனிமேஷன் படம் 'பெர்செபொலிஸ்' போட்டியில் இருந்தது, நடுவர் பரிசும் வாங்கியது. அடுத்த ஆண்டு லெபனான் போரைப் பற்றிய 'வால்ட்ஸ் வித் பஷீர்', அதுவும் அனிமேஷன்தான். 2024இல் யூதப் படுகொலையைப் பின்னணியாகக் கொண்ட ஓர் அனிமேஷன் படம். எல்லாம் நல்ல விஷயம்தான், எல்லாம் போட்டியில்தான். ஆனால் 2009இல் விழாவையே தொடங்கிவைத்த 'அப்' என்ற அனிமேஷன் படத்துக்கும், 2015இல் எல்லோரும் கொண்டாடிய 'இன்சைட் அவுட்'டுக்கும் கிடைத்த இடம் 'போட்டிக்கு வெளியே'. கல்யாண வீட்டில் மாலை போட்டு வரவேற்று, பந்தி போடும்போது மட்டும் திண்ணையில் உட்காரச் சொல்வது மாதிரி. போரும் சாவும் இருந்தால் வரைந்த படத்துக்குப் பந்தியில் இலை உண்டு. வீட்டுச் சண்டையை வைத்துச் சிரிக்கவைத்தால் இல்லை. 2001இலும் 2004இலும் அந்தப் பச்சைப் பூதத்துக்கு இலை போட்ட விழாக்குழுவுக்குக் கொஞ்சம் துணிச்சல் இருந்திருக்கிறது.

சரி, மறுப்பு நீண்டுவிட்டது. அடுத்த இதழில் அந்தச் 'சிறப்புக் காட்சி' என்ற பிழையை மட்டுமாவது திருத்திப் போடுங்கள். மற்றதைக் கட்டுரையாளரும் நானும் பேசிக்கொள்கிறோம். அதற்கு முன் அந்தப் படத்தை அவர் ஒருமுறை மாமனார் வீட்டில் வைத்துப் பார்த்தால் எனக்கு வேலை குறையும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்.