முதலில் சிறுநீர்க் குப்பி, அப்புறம் கேள்விகள்

அனைத்து மகளிர் காவல் நிலைய ஆய்வாளர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களோடு காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் துணைக்குப் போகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். "நேத்து ராத்திரி என்ன நடந்துச்சுன்னு தெரியல, ஆனா ஏதோ நடந்திருக்கு" என்று ஒரு பெண் வந்து நின்றால், வேறு எதற்கும் முன்னால், மதுவோ மயக்க மருந்தோ உடலில் இருக்கிறதா என்று பார்க்க, அவருடைய சம்மதத்தோடு சிறுநீரும் இரத்தமும் எடுத்து வைத்துவிடுங்கள்.

மது இரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் குறைந்துகொண்டே வரும். நள்ளிரவில் 150 மில்லிகிராம் இருந்தால் மறுநாள் காலை பத்து மணி வாக்கில் எதுவும் மிஞ்சாது. ஜி.எச்.பி. என்கிற மயக்கத் திரவம் இன்னும் வேகமாக மறையும். நிறமில்லாதது, பானத்தில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது, சிறுநீரில் சுமார் 12 மணி நேரம்தான் பிடிபடும், இரத்தத்தில் அதைவிடக் குறைவு. அல்பிரசோலம், லோரசிபம் போன்ற தூக்க மாத்திரைகள் சற்று அதிக நேரம் நிற்கும் என்றாலும் அவையும் காத்திருப்பதில்லை.

இனி அந்தப் பெண்ணின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். மதியம்தான் தெளிவு வருகிறது. தோழியிடம் சொல்லவே சாயங்காலம் ஆகிவிடுகிறது. அப்புறம் நிலையத்துக்கு வருகிறார். மேடம் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், உட்காருங்கள் என்கிறார்கள். சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை என்கிறார்கள். நடுவில் அவர் கழிப்பறைக்குப் போய்வருகிறார். வழக்கின் மிக முக்கியமான சாட்சி அங்கேயே தண்ணீரோடு போய்விடுகிறது. அதைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆய்வாளர்களே, எல்லை என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை. எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) பதியலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்புவது இந்தக் குற்றத்துக்குப் போதாது. வன்புணர்வுப் புகாரைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 199இன்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை கடுங்காவல் உண்டு. தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 184. தயவுசெய்து அந்த 24 மணி நேரத்தை உங்களுக்குக் கிடைத்த அவகாசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மயக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு பெண் காவலரைத் துணைக்கு அனுப்பி மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். வாக்குமூலத்தை அங்கே போய்க்கூட எழுதலாம். அதுவரை சிறுநீரை அடக்க முடியாது என்றால், சுத்தமான குப்பி ஒன்றில் பிடித்து மூடி, நேரத்தை எழுதி, மருத்துவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்தக் கேள்வி: "நீயே போய்க் குடிச்சியா?" ஒவ்வொரு முறையும் இதுதான் முதலில் வருகிறது. கேட்பவர் மனதில், ஆம் என்று பதில் வந்தாலே வழக்கு பாதி முடிந்துவிட்டது. ஆனால் சட்டம் அப்படி எழுதப்படவில்லை. பி.என்.எஸ். 63இல் ஐந்தாவதாக உள்ள பகுதியைப் படித்துப் பாருங்கள். தான் எதற்குச் சம்மதிக்கிறோம், அதன் விளைவு என்ன என்பது புரியாத அளவுக்கு போதையில் இருந்த பெண் சொன்ன "சரி" சம்மதமே ஆகாது. அந்த போதையை யார் ஏற்றியது என்று அங்கே பிரித்துப் பார்க்கவில்லை. அவன் கலந்து கொடுத்த மயக்க மருந்து தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. போதை என்பதும் தனியாக நிற்கிறது. ஏழாவது பகுதி, சம்மதத்தைத் தெரிவிக்கவே முடியாத நிலையைச் சொல்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்பதும் அதே பிரிவில் உண்டு. ஆனால் ஒன்று, தானாகக் குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்கு அந்த போதை சாக்காகாது. தெளிவாக இருந்தவனுக்கு இருக்கும் அறிவு அவனுக்கும் இருந்ததாகவே பி.என்.எஸ். 24 எடுத்துக்கொள்கிறது. நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். அவன் குடித்தது அவனுக்குச் சாதகமாகிறது, அவள் குடித்தது அவளுக்கு எதிராகிறது.

ரயிலில் மயக்க பிஸ்கட் கொடுத்து நகையைப் பறித்தார்கள் என்று ஒருவர் புகார் கொடுத்தால், "ஏன் வாங்கித் தின்றாய்?" என்று கேட்டுவிட்டு அவரைத் திருப்பி அனுப்புகிறோமா? அங்கே பயன்படும் பிரிவு, பழைய ஐ.பி.சி. 328, இப்போதைய பி.என்.எஸ். 123. குற்றம் செய்யும் நோக்கத்தோடு மயக்கப் பொருளைக் கொடுத்தாலே பத்து ஆண்டுவரை சிறை. அதே பிரிவு இங்கேயும் பொருந்தும், 63ஓடு சேர்த்துப் போடுங்கள். இது ஆண், பெண், திருநர் என்று பார்க்காத பிரிவு. வன்புணர்வுப் பிரிவு பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் கருதுவதால், பானத்தில் எதையோ கலந்து கொடுக்கப்பட்ட ஓர் இளைஞருக்கோ திருநங்கைக்கோ இது பெரிய பிடிமானம்.

சி.சி.டி.வி.யில் அவள் நடந்துதானே போகிறாள், பேசுகிறாளே, சிரிக்கிறாளே என்பதும் அடிக்கடி வரும் வாதம். லோரசிபம் வகை மாத்திரையும் அதிக மதுவும் நினைவு பதிவாவதைத் தடுக்கும். கைகால் இயக்கத்தை உடனே நிறுத்திவிடாது. நடப்பார், பேசுவார், பிறகு எதுவும் நினைவிருக்காது. அதனால் "ஞாபகம் இல்லை" என்ற பதிலைப் பொய்யின் அடையாளமாக வழக்கு நாட்குறிப்பில் எழுதாதீர்கள். அது அறிகுறி.

மருத்துவர்களுக்கு ஜிசேல் பெலிகோவின் வழக்கை நினைவுபடுத்த விரும்புகிறேன். பிரான்சில் மசான் என்ற ஊரில் அவருடைய கணவரே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உணவிலும் பானத்திலும் லோரசிபம் கலந்து கொடுத்து, இணையம் வழியாக ஆண்களை வரவழைத்தார். அந்த ஆண்டுகளில் ஜிசேல் மறதி என்று மருத்துவர்களிடம் போனார். அல்சைமர் நோயோ, மூளையில் கட்டியோ என்று பயந்தார். அந்த மருத்துவர்களுக்கு மயக்க மருந்து என்ற சந்தேகம் வரவில்லை. 2020இல் கணவர் ஒரு கடையில் பெண்களை ரகசியமாகப் படமெடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் உண்மை வெளிவந்தது. 2024 டிசம்பரில் அவினியோன் நீதிமன்றம் கணவர் உட்பட 51 பேரைத் தண்டித்தது. கணவருக்கு 20 ஆண்டு. நம் சட்டத்திலோ, 18 வயது நிறைந்த மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வன்புணர்வாகாது என்ற விதிவிலக்கு இன்றும் இருக்கிறது. அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் காரணம் புரியாத மறதியோடும் அசதியோடும் திரும்பத் திரும்ப வரும் மனைவியைத் தனியாக உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அவருக்கு 123ஆவது பிரிவாவது உண்டு.

இரத்தத்தையும் சிறுநீரையும் மது, மருந்துப் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும் என்று 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. அந்தப் பெண் தானாக வந்தால் எஃப்.ஐ.ஆர். இல்லாமலேயே பரிசோதித்துச் சிகிச்சை தரலாம் என்பதும் அதில் இருக்கிறது. போலீஸ் கடிதம் வரட்டும் என்று காக்கவைக்காதீர்கள். சோடியம் ஃபுளூரைடு போட்ட குழாயில் இரத்தம், தனிக் குப்பியில் சிறுநீர், இரண்டிலும் எடுத்த நேரம், கையெழுத்து, சீல், குளிர்பதனப் பெட்டி. எடுத்துவிட்டேன், வேலை முடிந்தது என்று விட்டுவிடவும் வேண்டாம். மாதிரியோடு போகும் படிவத்தில் விந்தணு, டி.என்.ஏ. என்று மட்டும் எழுதினால் தடய அறிவியல் ஆய்வகம் அதை மட்டுமே பார்த்து அனுப்பும். "மது, தூக்க மருந்து, மயக்கப் பொருள் உள்ளதா என்று ஆராயவும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அவர் கடைசியாக என்ன குடித்தார், எத்தனை மணிக்கு, வழக்கமாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் அந்தப் படிவத்திலேயே குறித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசலுக்கு அடிக்கடி வரும் ஒருத்தி