எரிகிற விளக்குக்கு நிழல் விழுமா? நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

ரயில்வே கேட்டிலிருந்து பூ மார்க்கெட் வரை தெருவிளக்கு எரியாத கதையைத் தங்களுக்கு மறுபடியும் சொல்லத் தேவையில்லை. நாலு மனு கொடுத்திருக்கிறோம், நாலுக்கும் ரசீது இருக்கிறது. கடைசி மனுவுக்கு வந்த பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. 22 கம்பங்களிலும் எல்இடி விளக்குகள் எரிகின்றனவாம். இரவில் எடுத்த புகைப்படங்கள் கோப்பில் உள்ளனவாம். மனு முடித்துவைக்கப்பட்டதாம்.

சரி, அந்தப் படங்களைத்தான் பார்த்துவிடுவோமே என்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். கலர் பிரிண்டாகவே அனுப்பினார்கள். அதற்கு உண்மையிலேயே நன்றி. மங்கலான ஜெராக்ஸ் வந்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன்.

நான் ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவன். பகலை இரவாக்குகிற வித்தை எனக்குப் புதிதில்லை. கேமராவில் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காக, குறைக்க வேண்டும். ஒயிட் பேலன்ஸைக் குண்டு பல்புக்கு உரிய 3200 கெல்வினில் வைத்தால் வெயில் நீலமாகிவிடும். வானத்தை ஃபிரேமுக்குள் விடக்கூடாது. கறுப்பு வெள்ளை காலத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டரைப் போட்டு நீல வானத்தைக் கறுப்பாக்கினார்கள். சினிமாக்காரர்கள் இதற்கு டே ஃபார் நைட் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். முழு நிலவின் வெளிச்சம் வெயிலில் சுமார் நாலு லட்சத்தில் ஒரு பங்குதான். அந்தக் காலத்து ஃபிலிமில் அது பதியவே பதியாது, வேறு வழியில்லை. நானே மதியம் இரண்டு மணி வெயிலில் நின்ற மாப்பிள்ளை பெண்ணை ஆல்பத்தில் நிலா வெளிச்சத்தில் நிறுத்தியிருக்கிறேன். அவர்கள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள், செய்து கொடுத்தேன். அதனால் யாருக்கும் கை ஒடியவில்லை.

இங்கே ஒடிந்திருக்கிறது. எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கிற அக்காவைத் தங்கள் ஊழியர்களுக்கே தெரியும். ஆயுத பூஜைக்கு அலுவலகத்துக்கு மாலை அவரிடமிருந்துதான் போகிறது. விடிகாலை மூன்றரைக்கு உதிரிப்பூ எடுக்க மார்க்கெட்டுக்குப் போவார். திரும்பும்போது தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு கூடை. கை இரண்டும் போய்விடுவதால், டார்ச் உள்ள பட்டன் போனைப் பல்லில் கவ்விக்கொண்டு நடப்பார். அப்படி ஒரு விளக்கைத் தன் வாயிலேயே ஏற்பாடு செய்துகொண்டு நடந்தவர்தான், பதினாலாவது கம்பத்துக்கு முன்னால் மூடியில்லாத சாக்கடையில் விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பூக்கட்ட இரண்டு கையும் வேண்டும், சார். மாவுக்கட்டோடு அவர் திண்ணையில் உட்கார்ந்து, மகள் கட்டுகிற சரத்தில் முடிச்சு தளர்ந்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது.

அந்தப் பதினாலாவது கம்பமும் படத்தில் ஜோராக எரிகிறது. அதில் விளக்கே கிடையாது. போன ஐப்பசிக் காற்றில் விழுந்தது, இன்னும் மாட்டவில்லை. வெறும் கம்பியின் நுனியில் ஒரு மஞ்சள் வட்டம் வரைந்திருக்கிறார்கள். மாட்டுவதாகச் சொன்ன எல்இடி வெள்ளையாக எரிவது. மற்ற கம்பங்களிலும் அதே வட்டம், அதே அளவு. வட்டத்தின் வெளிச்சம் ஒரு துளிகூடத் தரையில் விழவில்லை. விழுந்திருப்பது நிழல். கம்பத்தின் காலடியில், கத்தரித்து வைத்த மாதிரி, விளக்கின் நிழலே விழுந்திருக்கிறது! எரிகிற விளக்குக்கு எங்கே சார் நிழல் விழும்?

நிலா வெளிச்சத்தில் விழுந்த நிழல் என்று ஒப்பந்ததாரர் சொல்லக்கூடும். படத்தில் போட்டிருக்கிற தேதி வைகாசி அமாவாசை. அன்றைக்கு எங்கள் வீட்டில் தர்ப்பணம் கொடுத்தோம், நன்றாக நினைவிருக்கிறது. ஏழாவது படத்தில் ஒரு பெரியவர் குடை பிடித்துக்கொண்டு போகிறார். ரோடு காய்ந்து கிடக்கிறது. அமாவாசை நிலவின் சூடு தாங்கவில்லை போலிருக்கிறது.

இந்தப் படங்களைப் பார்த்துத்தான், முடிந்த வேலையை அளந்து பதிகிற எம் புக்கில் எழுதி, பில் பாஸ் செய்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் இந்த ஊரில்தான் குடியிருக்கிறார்கள். ஒரு நாள் ராத்திரி பால் வாங்க வெளியே வந்திருந்தால் போதுமே. இப்போது எல்லாமே படத்தில்தான் நடக்கிறது. மரம் நட்ட படம் இருக்கிறது, மரம் இல்லை. கழிப்பறை திறந்த படம் இருக்கிறது, அதன் கதவில் பூட்டு தொங்குகிறது. இப்படியே போனால் குடிதண்ணீரையும் பிரிண்ட் போட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம். கொசுவுக்கு மருந்தடிக்கிற படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

மன்னிக்கவும். தங்களிடம் கேட்க வந்தது வேறு, கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. தாங்கள் பொறுப்பேற்று மூன்று மாதம்தான் ஆகிறது. இந்தப் படங்களைத் தாங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள் என்றுதான் நம்புகிறேன். ஒப்பந்ததாரரைத் தண்டிப்பது தங்கள் விருப்பம். எங்களுக்கு விளக்கு எரிய வேண்டும். 22 கம்பத்திலும் எரிய வேண்டும். முடித்துவைத்த மனுவைத் தயவுசெய்து மறுபடி திறந்து, ஒயர்மேனை அனுப்பி விளக்கை எரியவைத்துத் தாருங்கள். எரிந்ததற்கு அத்தாட்சியாகப் படம் வேண்டியதில்லை. வேண்டுமென்றால் நானே ராத்திரியில் வந்து காசு வாங்காமல் எடுத்துக் கொடுக்கிறேன்.

அதற்கு முன்னால், இந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள் எட்டு மணிக்கு மேல் தாங்கள் நேரில் வந்து இந்தத் தெருவில் ஒரு நடை நடந்து பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஜீப்பைக் கேட்டருகே நிறுத்திவிடுங்கள். அதன் ஹெட்லைட்டில் பார்த்தால் தெரு பளிச்சென்றுதான் இருக்கும். டார்ச் கொண்டுவாருங்கள். பதினாலாவது கம்பம் வந்ததும் இடப்பக்கமாக ஒதுங்கி நடக்கவும். சாக்கடைக்கு இன்னும் மூடி போடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நகராட்சிக்கு வரி பாக்கி இல்லாத,
பழைய ஸ்டுடியோக்காரன்