சுருக்கப் பெயர்களுக்கு விரிவு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களில் ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள் விரிவு ஏதுமின்றி இடம்பெறுவது கூடிக்கொண்டே வருகிறது. ஒரு சுருக்கத்துக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்திலும் உள்ள தொல்லைதான். தமிழிலோ ஆங்கிலத்தில் வெவ்வேறான எழுத்துகள் 'டி', 'பி' என ஒரே எழுத்தில் வந்து விழுவதால் அது இரட்டிப்பாகிறது. 'டி.சி.' என்று அச்சிட்டால் பள்ளியில் வாங்கும் மாற்றுச் சான்றிதழா, காவல் துணை ஆணையரா என்பது தெரிவதில்லை. 'டி.டி.' வங்கியில் வரைவோலை, மருத்துவமனையில் டெட்டனஸ் தடுப்பூசி. 'பி.டி. ஆசிரியர் பணியிடங்கள் காலி' என்ற தலைப்பைப் பார்க்கும் பட்டதாரி, அது பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியர் பணியா, உடற்பயிற்சி ஆசிரியர் பணியா என்று செய்தி முழுவதையும் துழாவ வேண்டியிருக்கிறது.

துறைமுகம், ரயில் பாதை, மின்வாரியம், லாரித் தொழில் எல்லாம் நெருக்கியடித்து இருக்கும் வடசென்னையில் இந்தக் குழப்பத்துக்குக் குறைவே இல்லை. ஏற்றுமதி செய்பவருக்கு 'எல்.சி.' என்பது வங்கி தரும் கடனுறுதிக் கடிதம். ரயில்வே ஊழியருக்கு அது 'லெவல் கிராசிங்', அதாவது கொருக்குப்பேட்டையில் உள்ளது போன்ற ரயில்வே கேட். கம்பத்தில் ஏறும் மின்வாரிய ஊழியருக்கோ 'லைன் கிளியர்', அதாவது மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது, வேலையைத் தொடங்கலாம் என்ற அனுமதி. லாரி உரிமையாளர் புதுப்பிக்க அலையும் 'எஃப்.சி.' தகுதிச் சான்று. கல்லூரி விண்ணப்பத்தில் அதுவே முற்பட்ட வகுப்பு. வியாசர்பாடிப் பையன்களைக் கேட்டால் கால்பந்துக் கழகம் என்பார்கள்.

மருத்துவச் செய்திகளில் கூடுதல் கவனம் வேண்டும். மருந்துச் சீட்டில் 'ஓ.டி.' என்றால் நாளுக்கு ஒரு வேளை. கண் மருத்துவர் எழுதினால் வலது கண். ஆங்கில எழுத்திலேயே உள்ள இக்குழப்பத்தோடு தமிழில் அறுவை அரங்கும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலை 2004-ஆம் ஆண்டிலேயே வகுத்தது. அதில் 'எம்.எஸ்.' இடம்பெறக் காரணம், அது மார்பின் சல்பேட்டையும் குறிக்கலாம், மக்னீசியம் சல்பேட்டையும் குறிக்கலாம் என்பதே. ஒன்று கடும் வலிக்கானது. மற்றது கர்ப்பிணிகளுக்கு வரும் வலிப்புக்கும் தரப்படுவது.

எல்லாவற்றையும் விரிக்கச் சொல்லவில்லை. ஆர்.கே. நகர், எம்.கே.பி. நகர், டி.எச். ரோடு ஆகியவை ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன. அவற்றை விரித்து எழுதினால்தான் ஆட்டோக்காரர் விழிப்பார். மற்றவற்றுக்கு, குறிப்பாக வேலைவாய்ப்பு, மின்தடை, மருத்துவம் தொடர்பான செய்திகளில், முழுப் பெயரைத் தமிழில் ஒரு முறை தந்த பிறகு சுருக்கத்தைக் கையாளலாம். தலைப்பில் இடம் போதாதெனில் செய்தியின் முதல் வரியிலாவது அது இடம்பெற ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81