சிகரட் மணம் நீங்காத கார் தொடர்பாகவும் என் மகன் மீது சுமத்தப்பட்ட பழி தொடர்பாகவும் முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.
2025.10.27

பொது முகாமையாளர் அவர்கட்கு,
(பிரதி: மட்டக்களப்புக் கிளை முகாமையாளர்)

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் மட்டக்களப்புக் கிளையில் கடந்த ஆவணியில் நான் வாங்கிய, ஜப்பானில் பாவித்த வெள்ளி நிறக் காரின் உள்ளே சிகரட் மணம் நிற்கிறது என்பதைத் தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் நேரிலும் பல தடவை தெரிவித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதியவர் ஒருவர் பேசுகிறார், என்ன பிரச்சினை என்று தொடக்கத்திலிருந்து கேட்கிறார், குறித்துக்கொண்டதாகச் சொல்கிறார், அதன் பிறகு எவரும் திரும்ப அழைப்பதில்லை. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனதனாலேயே இதனைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். காரின் செசி இலக்கம், லீசிங் பத்திரங்கள், உத்தரவாத அட்டை எல்லாம் தங்கள் கோவையில் இருக்கின்றன. அது எந்தக் கார், எந்த ஏலத்தில் எடுக்கப்பட்டது, உள்ளே எப்படி இருந்தது என்பவற்றை என்னைவிடத் தாங்களே நன்கு அறிவீர்கள்.

முதலில் நடந்ததை ஒழுங்காக எழுதவே நினைத்தேன். ஆனால் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து பேசிய உத்தியோகத்தர் சொன்ன வார்த்தைகளை முதலில் தங்கள் காதுக்குக் கொண்டுவராமல் என்னால் மேலே எழுத முடியவில்லை. "சேர், மகன் ஏ.எல். படிக்கிறார் எண்டு சொன்னீங்கதானே, அவரப் புடிச்சு விசாரிங்க, கார்ல ஒரு பிழையும் இல்ல" என்றார். அப்படியெல்லாம் பேச வேண்டாம் என்று நான் மரியாதையாகவே சொன்னேன். அதற்கு அவர், ஆம்பிளைகள் ஓடுகிற வாகனத்தில் சிகரட் மணம் வராமல் மல்லிகைப்பூ மணமா வரும் என்று கேட்டுச் சிரித்தார். பின்னால் இருந்த வேறு யாரோ சிரித்ததும் எனக்குக் கேட்டது. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு ஒரு வாடிக்கையாளரின் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுதான் தங்கள் நிறுவனத்தின் சேவையா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

ஐயா, நான் இம்மாவட்டத்தில் நீண்ட காலமாக விஞ்ஞானம் கற்பிப்பவன். தற்போது பிரதி அதிபராகக் கடமையாற்றுகிறேன். மே 31 வந்தால் உலக புகையிலை எதிர்ப்புத் தினத்துக்காக மாணவர்களை ஊர்வலமாக அழைத்துச் செல்பவனும் காலைக் கூட்டத்தில் பேசுபவனும் நான்தான். 21 வயதுக்குட்பட்டவருக்குச் சிகரட் விற்பதே குற்றம் என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்வதை வகுப்பில் எடுத்துச் சொல்லும் ஒருவனிடம், உன் மகன்தான் களவாகப் பற்றுகிறான் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் ஒருவர் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அம்மம்மா அன்றிரவே அவனுடைய சட்டைப் பைகளைத் துழாவினார். அவன் பார்த்துக்கொண்டு நின்றான், ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு அவன் அந்தக் காரில் ஏறுவதில்லை. ரியூஷனுக்குச் சைக்கிளில் போகிறான். உயர்தரப் (ஏ.எல்.) பரீட்சைக்கு இருக்கும் பிள்ளையின் மனத்தை உடைத்ததற்கு எந்த உத்தரவாத அட்டையில் ஈடு எழுதியிருக்கிறது?

இனி காருக்கு வருகிறேன். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி இந்த வருடம் பெப்ரவரியில் மீண்டும் திறந்ததிலிருந்து, என்ன விலை கொடுத்தாவது ஒரு காரை வாங்கிவிட வேண்டும் என்று காத்திருந்த எங்களைப் போன்றவர்களின் அவசரம் தங்களுக்கு நல்ல வியாபாரமாகியிருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நான் கார் பார்க்க வந்த அன்று நான்கு கண்ணாடிகளும் இறக்கியிருந்தன, டாஷ்போர்டில் வாசனைப் போத்தல் ஒன்று திறந்திருந்தது, சீற்றுகளுக்கு இலவசம் என்று சொல்லிப் புது உறை போட்டிருந்தீர்கள். ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துத் தரும் ஏலத் தாளைக் கேட்டபோது விற்பனையாளர் தம் தொலைபேசியில் 4.5 என்ற மொத்தத் தர இலக்கத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டிவிட்டு மூடிவிட்டார். ஜப்பான் ஏலங்களில் வாகனத்தின் மொத்தத் தரத்துக்குப் புறம்பாக உட்புறத்துக்கென்று ஆங்கில எழுத்தில் தனித் தரம் இடுவார்கள் என்பதும், சிகரட் மணம், சீற்றில் சுட்ட ஓட்டை போன்றவற்றைப் பரிசோதகர் கையால் குறித்து வைப்பார் என்பதும் இந்தத் தொழிலில் இருக்கும் தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தத் தாளின் முழுப் பிரதியை இன்றுவரை எனக்குத் தரவில்லை. கேட்கும்போதெல்லாம் அது தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் கேட்டால் கிளையில் இருக்கிறது என்கிறார்கள்.

நல்ல நாள் பார்த்து, மாமாங்கப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாசனைப் போத்தல் தீரும்வரை ஒன்றும் விளங்கவில்லை. அதன்பின் ஒரு மத்தியானம், கச்சான் வெயிலில் பாடசாலை வளவுக்குள் நிறுத்தியிருந்த காரைத் திறந்தபோது உள்ளிருந்து அடித்த வெக்கையோடு பழைய, புளித்த சிகரட் மணம் முகத்தில் அறைந்தது. குளிரூட்டியைப் போட்டால் முதல் சில நிமிடங்களுக்கு இன்னும் கூடுகிறது. அன்று மாலையே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சாரதியின் தலைக்கு மேலுள்ள கூரைத் துணியில் மெதுவாக ஒற்றி எடுத்தேன். கைக்குட்டை பிளேன்ரீ நிறத்துக்கு மாறியது. சீற் உறையைக் கழற்றிப் பார்த்தேன். சாரதி ஆசனத்தின் இடப்பக்க ஓரத்தில், தையலுக்குப் பக்கத்தில், சுட்ட ஓட்டைகள் இரண்டு இருந்தன. ஓரம் கருகிக் கட்டியாகியிருந்தது. ஆசனம் நகரும் தண்டவாளத்துக்குள் சாம்பலும் இருந்தது. படங்கள் எல்லாவற்றையும் தங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன, பதில் வரவில்லை.

"கண்ணாடியத் திறந்து ஓடுங்க சேர், போயிரும்" என்று கிளையில் சொன்னார்கள். போகாது. காற்றில் இருக்கும் புகைதான் காற்றோடு போகும். சிகரட் புகையிலுள்ள நிக்கொட்டின் துணியிலும் பஞ்சிலும் பிளாஸ்ரிக்கிலும் ஒட்டி, தூசியோடு சேர்ந்து தங்கி, சூடு ஏறும்போதெல்லாம் திரும்ப எழும். 2009இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ ஆய்வாளர்கள் இதனை மூன்றாம்நிலைப் புகை என்று பெயரிட்டே எழுதினார்கள். அடுத்த ஆண்டில், அப்படி ஒட்டிய நிக்கொட்டின் காற்றிலுள்ள நைத்திரசு அமிலத்தோடு தாக்கமுற்று, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைத்ரோசமீன்களாக மாறுவதைக் கலிபோர்னியாவின் பேர்க்லி ஆய்வுகூடத்தினர் காட்டினார்கள்; புகைப்பவர் ஒருவரின் ட்ரக் வண்டிக்குள்ளேயே அந்தப் பொருள்களை அவர்கள் அளந்திருக்கிறார்கள். நான் இதையெல்லாம் எழுதுவது படிப்பைக் காட்டுவதற்கன்று. ஏழாம் ஆண்டில் படிக்கும் என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறது. போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டி வருகிறோம். மழையில் ஓட்டோவில் நனையாமல் அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவரத்தான் ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைத் தங்களிடம் கொட்டினேன். இப்போது அந்தக் காரில் ஏறினால் அவள் இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறாள். இனி மாரி தொடங்கினால் கண்ணாடியும் திறக்க முடியாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். புகைப்பவர்களை அருவருத்து ஒதுக்குபவன் அல்லன் நான். என் தகப்பனார் படுவான்கரையில் வேளாண்மை செய்தவர், சுருட்டுப் பற்றியவர். ஆனால் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் அவர் ஒருநாளும் பற்றியதில்லை. எழுந்து வேலிக்கு வெளியே போய்விடுவார். என் பாடசாலையிலும் பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். விட முயன்று முயன்று தோற்று மனம் நொந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இரக்கமே உண்டு. ஜப்பானில் இந்தக் காரை ஓடியவர் யாரோ, அவருடைய காரில் அவர் பற்றினார். அவரோடு எனக்கு வழக்கில்லை. பற்றியதை மறைத்து விற்றவர்களோடும், மறைத்தது வெளிப்பட்டதும் பழியை வாங்கியவன் வீட்டுப் பிள்ளை தலையில் போட்டவர்களோடும்தான் எனக்கு வழக்கு.

அந்த உத்தியோகத்தருக்கு எங்கள் ஊரும் தெரியவில்லை. இங்கே ஒருவர் உடுப்பில் சிகரட் மணம் இருந்தால் முகத்துக்கு நேரே யாரும் கேட்கமாட்டார்கள், பின்னால் பேசுவார்கள். ஆசிரியர் அறையில் என் பக்கத்துக் கதிரை இப்போது அடிக்கடி வெறுமையாக இருக்கிறது. ஒரு சாமத்திய வீட்டில் என் மனைவி உட்கார்ந்ததும் அருகிலிருந்த பெண் சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனதை நானே கண்டேன். ஆண் பற்றினால் பழக்கம் என்பார்கள். பெண்ணின் சேலையில் அந்த மணம் வந்தால் இந்த ஊர் என்ன கதை கட்டும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. இத்தனை வருடங்களாகக் கட்டிக் காத்த பெயர் தங்கள் காரால் அழிந்துபோயிற்று.

கொழும்புப் பயணத்தையும் தாங்கள் மறந்திருக்கக் கூடாது. சேவை நிலையத்துக்குக் கொண்டுவந்தால் ஓசோன் இயந்திரத்தால் மணத்தை முற்றாக எடுத்துத் தருவோம் என்று கிளை முகாமையாளரே நாள் குறித்துத் தந்தார். நான் லீவு போட்டு, இரவோடு இரவாக வாழைச்சேனை, வெலிக்கந்தை, பொலன்னறுவை, ஹபரணை என்று ஓடி, விடியற்காலையில் தங்கள் வாசலில் நின்றேன். காவலாளி ஒன்பது மணிவரை உள்ளே விடவில்லை. உள்ளே போனால் என் பெயரில் ஒரு பதிவும் இல்லை. இயந்திரம் பழுதுபார்க்கப் போயிருக்கிறதாம். எப்போது வரும் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. மத்தியானம்வரை இருத்திவைத்து, ஒரு பொடியனைக் கொண்டு தூசி உறிஞ்சச் செய்து, எலுமிச்சை வாசனையை அடித்து, அதற்கும் காசு வாங்கிப் பற்றுச்சீட்டுத் தந்தீர்கள். அந்தப் பொடியன் மீது எனக்குக் கோபமில்லை; "சேர், இது ரூஃப் லைனிங் மாத்தாமப் போகாது" என்று மெதுவாக உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான். திரும்பும் வழியில் மன்னம்பிட்டி தாண்டுவதற்குள் எலுமிச்சை போய்விட்டது. பழைய மணம் திரும்பிவிட்டது.

தங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்றே இன்னும் நம்புகிறேன். ஆகையால் பணிவோடு கேட்கிறேன். ஏலத் தாளின் முழுப் பிரதியை மொழிபெயர்ப்போடு தாருங்கள். கூரைத் துணியையும் கபின் பில்டரையும் புதிதாக மாற்றி, சீற்றுகளைக் கழற்றிப் பஞ்சுவரை கழுவி, குளிரூட்டியின் உட்பகுதியைத் திறந்து சுத்தம் செய்து, ஓசோன் இயந்திரத்தையும் பாவித்து, இவ்வளவையும் தங்கள் செலவில் மட்டக்களப்பிலேயே செய்து தாருங்கள். அப்படிச் செய்தும் மணம் போகவில்லையென்றால் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு என் பணத்தைத் தாருங்கள். இப்போதிருக்கும் நிலையில் அது எனக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. கொழும்புக்கு வந்த செலவும், எலுமிச்சை வாசனைக்கு வாங்கிய காசும் வேறாக வர வேண்டும்.

உத்தரவாத அட்டையில் மணம் பற்றி எழுதவில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏமாற்றும் நடத்தையையும் பொருளின் தரம் பற்றிய பொய்யான எடுத்துரைப்பையும் தடுக்கிறது. விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஒருவேளை அந்தக் காலம் கடக்கட்டும் என்றுதான் இழுத்தடிக்கிறீர்களோ என்றும் சந்தேகிக்கிறேன். வருகிற நவம்பர் 7ஆம் திகதிக்குள் எழுத்து மூலமான பதில் வராவிட்டால், கைக்குட்டை, படங்கள், பற்றுச்சீட்டு எல்லாவற்றுடனும் அதிகார சபையில் முறைப்பாட்டைக் கையளிப்பேன். லீசிங் கம்பனிக்கும் அறிவிப்பேன். சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதமும் வரும். அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, என் மகனுக்கு அவன் பெயரிலேயே தங்கள் கடிதத்தாளில் மன்னிப்புக் கடிதம் ஒன்று வர வேண்டும். அந்த உத்தியோகத்தர் பேசிய அழைப்பு ஒலிப்பதிவு செய்யப்படுவதாகத் தொடக்கத்தில் அறிவித்தீர்கள். அதனைப் போட்டுக் கேளுங்கள். காரைப் பற்றிய பதில் தாமதமானால்கூட ஓரளவு பொறுத்துக்கொள்வேன். அந்த மன்னிப்புக் கடிதம் தாமதமாவதைப் பொறுக்கமாட்டேன்.

பாடசாலை நாள்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் எனக்கு அழைப்பு எடுக்கலாம். அந்த உத்தியோகத்தர் மட்டும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(ஒப்பம்)
வாகன உரிமையாளர்

இணைப்பு: படங்கள், கொழும்புச் சேவை நிலையப் பற்றுச்சீட்டின் பிரதி