பவாவுக்கு

அன்புள்ள பவா,

உன்ர கடிதம் கிடைச்சுது. கொழும்பில மழை எண்டு எழுதியிருக்கிறாய். இஞ்ச கச்சான் காத்து. மத்தியானத்தில யன்னலைத் திறந்தால் அடுப்படியில நிக்கிற மாதிரி இருக்கு. அம்மா சுகம். மகள் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறாளோ, போன் பாக்கிறாளோ, கோணேசருக்குத்தான் வெளிச்சம்.

நீ கேட்ட விசயத்துக்கு வாறன். பீரியட்ஸுக்கு முந்தின கிழமை சும்மா அழுகை வருது, மார்பு நோகுது, ஆரைப் பாத்தாலும் எரிச்சல், காலாண்டுக் கணக்கு முடிக்கிற மாசத்தில இன்னும் மோசம் எண்டு எழுதியிருந்தாய். மாமி சொல்லுற மாதிரி அது செல்லம் இல்லையடி. முட்டை வெளியேறின பிறகு புரோஜெஸ்தரோன் எண்ட ஹோமோன் ஏறி, பிறகு இறங்கும். எல்லாப் பெண்களுக்கும் அப்பிடித்தான். ஆனா சிலரின்ர மூளை அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. நாப்பதைத் தாண்டினால் கொஞ்சப் பேருக்கு இது கூடவும் செய்யும்.

ஆகவே டென்ஷன்தான் காரணம் எண்டு சொல்லேலாது. ஆனா கூட்டிவிடும். முந்தின மாசம் டென்ஷன் கூட இருந்த பெண்களுக்கு அடுத்த பீரியட்ஸ் நேரத்தில கரைச்சலும் கூட இருந்ததாம், ஆய்வுகளில கண்டிருக்கினம். எண்டபடியால் அழுகை வந்த பிறகு மருந்து தேடிறதை விட, அதுக்கு முதல் வாற கிழமைகளைப் பாக்கிறதுதான் புத்தி. நீ என்னெண்டால் கணக்கு முடியுமட்டும் இரவு ஒரு மணிவரை முழிச்சிருந்து, பிளேன்டீயாக் குடிச்சு, பிறகு "ஏன் எனக்கு மட்டும்" எண்டு கேக்கிறாய்! அந்த நாளிலதான் நித்திரையை விடக்கூடாது. பின்னேரம் காலிமுகத்திடலில அரை மணித்தியாலம் வேகமா நட. நானும் இஞ்ச டச்சுக்குடாக் கடற்கரையில நடக்கிறன். தனிய நடக்கிறதுதான் நல்லது. துணைக்கு ஆள் வந்தால் ஊர்க் கதையில டென்ஷன் இன்னும் ஏறும்.

சாப்பாட்டில கல்சியத்தைக் கவனி. 1998இல அமெரிக்காவில செய்த ஒரு பெரிய ஆய்வில, தினம் 1200 மில்லிகிராம் எடுத்தவைக்கு மூண்டாவது மாதவிடாய்ச் சுற்றில அறிகுறிகள் பாதியளவாக் குறைஞ்சுது. ஒப்பிட்டுப் பாக்கக் குடுத்த, கல்சியமில்லாத வெறும் மாத்திரை எடுத்தவைக்கும் 30 வீதம் குறைஞ்சதெண்டதையும் சொல்லவேணும். முள்ளோட நெத்தலிப் பொரியல், குரக்கன், சட்டித் தயிர் எல்லாத்திலயும் கல்சியம் இருக்கு. மாத்திரை வேணுமெண்டால் டொக்டரைக் கேட்டு எடு. ஆரோ சொன்னதெண்டு விற்றமின் பி6ஐ அளவில்லாமப் போடாதை. கூடினால் நரம்பு விறைக்கும்.

ஒரு கொப்பியில ரெண்டு சுற்றுக்கு நாளாந்தம் குறிச்சு வை, நித்திரை, மனநிலை, வேலைச் சுமை எல்லாம். பீரியட்ஸ் வந்து நாலு நாளில அறிகுறி விடாட்டி அது வேற ஏதாவதா இருக்கலாம். வாழவே வேண்டாம் போல எண்ணம் வந்தால் கொப்பி நிரம்பும்வரை பாத்திருக்காதை, உடன டொக்டரிட்டப் போ. அப்பிடியான கடுமையான நிலைக்கு மருந்து இருக்கு. சிலர் அதைச் சுற்றின்ர கடைசி ரெண்டு கிழமைக்கு மட்டும் எடுக்கினம்.

மாமியிட்ட இதையெல்லாம் விளங்கப்படுத்தப் போகாதை, நேரம்தான் வீண். உன்ர அவருக்குச் சொல்லு. அந்தக் கிழமை சமையலை அவர் பாக்கட்டும்.

மற்றது, அண்ணாவின்ர காணி விசயம் என்னாச்சு? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்லையே.

அன்புடன்,
உன்ர ராஜி